முற்றத்து வீடு உங்களுக்கல்ல, மாமா

அல் ஐன்,
11-3-1982

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மகள் பத்மாசனியைக் கைப்பிடித்த ஆனந்தராசா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். பத்மாசனியின் ஒப்பரேசன் தையல் முழுவதும் ஆறிவிட்டது. கோடை வெயில் இன்னும் தொடங்கவில்லை. கார் மட்டும் இடைக்கிடை சுகமில்லை. அங்கே தாங்களும் மாமியும், மச்சாளும் பிள்ளைகளும், கறுவல் பசுவும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம்.

நிற்க. நிற்க என்று வழக்கப்படி எழுதிவிட்டேனே தவிர, தங்கள் கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து எனக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. "தம்பி ஆனந்தராசா, முற்றத்தில் எனக்கென்று தனி வீடு எழும்புவதாகக் கனகரத்தினம் எழுதியிருந்தார். மெத்த மகிழ்ச்சி. அதற்குள் நான் நிமிர்ந்து இருக்கலாமா, அல்லது படுத்தபடிதானா என்பதை மட்டும் அறியத் தரவும்" என்று தாங்கள் எழுதியிருந்ததை வாசித்ததும் பேனையைத் தேடி எடுத்தேன். சுகம் விசாரித்து ஒரு சொல் இல்லை, கீழே ஆசீர்வாதம் இல்லை, வெறும் கையெழுத்து. மாமா, நான் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், முற்றத்து வீடு தங்களுக்கல்ல. அது ஓர் ஆமைக்கு. ஆமை போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது! இந்த நேரம் அது கீரை தின்றுகொண்டிருக்கும் அழகைத் தாங்கள் பார்த்தால் கனகரத்தினம் அண்ணையையும் என்னையும் ஒன்றாக மன்னித்துவிடுவீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். மார்கழியில் பத்மாசனிக்கு ஒப்பரேசன் நடந்ததை எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு முன்பே அவள் இங்கே வாடிப்போயிருந்தாள். நான் விடிய டியூட்டிக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவேன். பக்கத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றும் இல்லை. ஒருநாள் நேரத்தோடு வந்தபோது, டெலிவிசனில் அரபிச் செய்தி வாசிப்பவரிடம் அவள் "சாப்பிட்டிட்டே வாறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை யன்னல் வழியாகக் கண்டேன். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அப்படி இருந்தவள், ஆசுப்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தையலை ஒரு கையால் பொத்திப் பிடித்தபடி வாய்விட்டுச் சிரித்தாள் என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? சிரிக்கவைத்தவர் அயர்லாந்து நர்ஸ், மிஸ் மார்கிரட். அவர் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே தன்னுடைய வளர்ப்பு ஆமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பெயர் பெர்சி. சாப்பாட்டுத் தட்டளவு இருக்குமாம். தக்காளிப்பழத்தைக் கண்டால் ஓடி வருமாம். ஆமை ஓடுவதா என்று நானும் சிரித்தேன். பத்மாசனியோ மிஸ்ஸின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். மிஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் பின்னாலேயே போனேன். மாசியோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன், பெர்சியைக் கொண்டுபோக முடியாது, நல்ல இடம் ஒன்று தேடுகிறேன் என்று அவர் சொன்னார். அந்த இடத்திலேயே, மாமா, அதே நிமிடத்தில், என் மனைவியின் உயிரே உங்கள் ஆமையில்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

மிஸ் மார்கிரட் இளகிவிடவில்லை. ஏற்கெனவே ஒரு ஸ்கொட்லாந்து எஞ்சினியர் கேட்டிருக்கிறாராம். அவர் வீட்டில் புல்தரை இருக்கிறதாம். ஆனாலும் வீட்டையும் வளவையும் தானே வந்து பார்த்துத்தான் யாருக்கு என்று முடிவு சொல்வேன் என்றார். ஆமை மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே போகும், ஆகவே சுற்றுக்கட்டு நிலத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். கால் நனையுமளவுக்குத் தண்ணீர் வேண்டும், மூழ்குமளவுக்குக் கூடாது. வெயிலும் வேண்டும், வெயிலிலிருந்து ஒதுங்கச் சின்னதாக ஒரு கூரையும் வேண்டும். முக்கியமாக அலரி கூடவே கூடாது, அதன் இலையைத் தின்றால் ஆமை செத்துப்போகும். மாமா, எங்கள் வளவில் நின்ற ஒரே மரம் அலரி. தங்கள் மகள் ஒவ்வொரு நாளும் சாமிப் படத்துக்கு வைக்கும் ஒரே பூ அலரிப்பூ. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எப்படிச் சொல்வதென்று தடுமாறி, கடைசியில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு அவ்வளவு விருப்பமெண்டால் வெட்டுங்கோ" என்றாள். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள்! தன் ஆசையை என் ஆசை மாதிரிச் சொல்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை தொடங்கியது. உதவிக்குக் கார்மேகம் வந்தார். எங்கள் தெருமுனையில் எழும்பும் கட்டடத்தில் வேலை செய்பவர், ஊர் இராமநாதபுரம் பக்கம், கொன்றாக்டில் வந்து காம்பில் தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பத்மாசனியின் கையால் ஒரு சோறு சாப்பிட்டால்தான் அடுத்த கிழமை வேலைக்குப் போகலாம் என்று சொல்லுகிற நல்ல மனிதர். கடப்பாரையோடு வந்து நின்று, "யாரு சார் வர்றது?" என்றார்.

"பெர்சி."

"பெருசா? ஊர்லேருந்து ஒங்க வீட்டுப் பெருசு வருதா சார்?"

"பெருசு இல்லை கார்மேகம், பெர்சி. ஆமை."

கடப்பாரை கீழே விழுந்தது. "ஆமையா! சார், அது வீட்டுக்குள்ள வந்தா..." என்று அவர் தொடங்கியதை நான் முடிக்க விடவில்லை. தாங்களும் இந்த இடத்தில் அதே வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லாதீர்கள். பத்மாசனி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம், அவர் சொல்லுறதையும் ஒருக்கால் கேளுங்கோவன்" என்றாள். கேட்டேன். கார்மேகம் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்து, ஒரு சட்டம் கண்டுபிடித்தார்.

"சார், அது புகுந்தாத்தான தப்பு? வாசல் வழியா அதுவா நடந்து வந்தாத்தான் புகுந்த கணக்கு. நாம தூக்கி செவுத்துக்கு மேல வச்சு உள்ள எறக்கிட்டோம்னா? அது எங்க புகுந்துச்சு? சிவனேன்னு இருந்ததை நாமதான கொண்டாந்தோம்? அது மேல குத்தமே சொல்ல முடியாது சார். அதோட, வீட்டுக்குள்ள விடவே வேணாம். வெளியிலயே தனியா ஒண்ணு கட்டிப்புடுவோம்."

இதைவிடத் தெளிவான தீர்ப்பை எந்தக் கோட்டிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். உடனே தோண்டத் தொடங்கினோம். பள்ளம் இறக்கிக் கல் வைக்கவேண்டும் என்பது திட்டம். கார்மேகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் பக்கத்தில் கடப்பாரை எதிலோ பட்டு 'ணங்' என்றது. பழைய காலத்துப் பொருளாயிருக்குமோ, இந்தப் பக்கத்தில் பெரிய பெரிய கல்லறையெல்லாம் இருக்கிறதென்கிறார்களே என்று ஆவலாக இன்னொரு குத்துக் குத்தினேன். தண்ணீர் பீறிட்டு என் மூக்குக் கண்ணாடியை அடித்துக்கொண்டு போயிற்று. நான் பம்பு விற்கிற கொம்பனியில் வேலை செய்கிறேன் என்று தாங்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் நான் அங்கே ஸ்டோரில் கணக்கெழுதுகிறேன். தண்ணீரை எழுதத் தெரியும், நிறுத்தத் தெரியாது. பத்மாசனி குசினியிலிருந்து ஓடிவந்து, "என்னப்பா, ஆமைக்குக் கால் நனைஞ்சால் போதுமெண்டெல்லே சொன்னீங்கள்?" என்றாள். கார்மேகம் தன் தலைத்துண்டைக் குழாயில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், மெயின் வால்வு எங்க இருக்கு?" என்று கத்தினார். அது மதிலுக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சொந்தக்காரர் சாலிம் அவர்களின் தோட்டத்தில் இருந்தது. அந்தக் குழாயும் அவருடைய வீட்டுக்குப் போகிற குழாய்தான். ஓடிப்போய் வால்வைப் பூட்டினேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படப் பலபேர் கைகால் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமற் போயிற்று.

குழாயைக் கார்மேகம் எப்படியோ ஒரு சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி ஒட்டுப்போட்டார். ஆனால் எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஏனென்றால் காலையில் வெட்டிய அலரிக் கொப்புகளை வெளியே மதிலோரம் குவித்திருந்தேன், வால்வைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது சாலிம் அவர்களின் வெள்ளாடு ஒன்று அந்தக் குவியலை மணந்துகொண்டு நின்றது. மாமா, எனக்கு உயிர் போய்விட்டது. ஆமையைக் கொல்லுகிற இலை ஆட்டை மட்டும் விட்டுவைக்குமா? "சூ! யல்லா! போ!" என்று மூன்று பாசையில் கத்தினேன். அது எந்தப் பாசையிலும் போகவில்லை. தலையைக் குனிந்து வாயைத் திறந்ததும் பாய்ந்து கொம்பைப் பிடித்தேன். ஆடு என்னை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. காலில் செருப்பு இல்லை, கண்ணில் கண்ணாடி இல்லை, உடம்பில் சேறும் நனைந்த பெனியனும் மட்டும். பள்ளிவாசலுக்குப் போகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். தெருமுனை வரைக்கும் அது என்னை இழுத்தது, பிறகு நான் அதை இழுத்தேன், இப்படியே இரண்டு மணித்தியாலம் போய், கடைசியில் அதைத் தூக்கிக் கைக்குள் இடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

இந்த நேரத்துக்குள்தான் என் வீட்டில் நடக்கக்கூடாதது நடந்திருக்கிறது. நம் ஊர்க் கனகரத்தினம் அண்ணை, எங்களைப் பார்க்கவென்று தூரத்திலிருந்து வந்திருக்கிறார். பத்மாசனி குசினிக்குள் ஓடிவந்த தண்ணீரை வாரிக்கொண்டிருந்ததால் அவர் வந்ததைக் காணவில்லை. கார்மேகம் மட்டும் முற்றத்தில் நின்று வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது நாலு கல்லும் ஒரு தகரமும். அவரோ சைட்டில் மிச்சம் விழுந்த பெரிய கற்களைக் கொண்டுவந்து, சாந்தில்லாமலே இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கி, யன்னல் வைத்து, யன்னலுக்கு மேல் மழைக்கு ஒரு நீட்டுத் தகரமும் வைத்துவிட்டார். வீடென்றால் இதெல்லாம் வேண்டுமாம். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைப் பிறகு கார்மேகமே எனக்கு ஒரு சொல் விடாமல் சொன்னார். தங்கள் கோபம் எங்கிருந்து வந்ததென்று தாங்களே வாசித்துப் பாருங்கள்.

"ஆருக்குத் தம்பி இந்த வீடு?" என்று அண்ணை கேட்டிருக்கிறார்.

"பெருசுக்குங்க. சாரு கொண்டாறாரு."

"பெரியவரை இதுக்குள்ளையோ விடப்போகினம்?"

"வீட்டுக்குள்ள விட்டா குடும்பத்துக்கு ஆகாதுங்க. அதான் வெளியிலயே வச்சுக்கிறோம்."

"சாப்பாடு?"

"கீரை போட்டா போதும், வேற ஒண்ணும் கேக்காது. பல்லு கெடையாது பாருங்க."

தாங்கள் போன வருடம் பல் முழுவதையும் கழற்றியது அண்ணைக்குத் தெரியும். வருகிற கோடையில் தங்களுக்கு விசிட் விசா எடுக்கப்போவதாக நானே அவரிடம் சொல்லியும் இருந்தேன்.

"பகல் முழுக்க வெளியிலையே?"

"வெயில்ல அது பாட்டுக்குக் கெடக்கும். பொழுது சாஞ்சா உள்ள தள்ளிக் கதவச் சாத்திப்புடணும். இல்லைன்னா மண்ணத் தோண்டிட்டு ஓடிப்போயிடுமாம். அதுக்குத்தான் சுத்தியும் பள்ளம் பறிச்சுக் கல்லு வச்சிருக்கோம்."

அந்த நேரம் நான் ஆட்டை இடுக்கிக்கொண்டு படலையால் உள்ளே வந்தேன். அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனந்தராசா, நீர் படிச்ச மனுசன் எண்டெல்லே நினைச்சிருந்தன்" என்றார். "அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றேன். "அந்த மனுசன் உமக்குப் பெண்ணைத் தந்தவர் ஐசே" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டார். எந்த மனுசன், எந்தப் பெண் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. ஏனென்றால் அவர் போன படலையால் வீட்டுச் சொந்தக்காரர் சாலிம் அவர்கள் வந்துகொண்டிருந்தார்.

அவருக்குத் தண்ணீர் இல்லை. ஆட்டைக் காணவில்லை. ஆடு என் கையில் இருந்தது. அவரைக் கேட்காமல் அவர் வளவில் ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. மாமா, நான் அந்த நிமிடமே வீட்டுச் சாமான்களை எங்கே ஏற்றுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் சின்ன வீட்டைக் காட்டி, இது என்ன என்று அரபியில் கேட்டார். "ச்சோட்டா கர், பாபா" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில், சின்ன வீடு என்பதாகச் சொன்னேன். யாருக்கு என்றார். "மாஃபி ஆத்மி!" என்றேன், ஆளில்லை என்ற பொருளில். ஆளில்லாத வீட்டுக்கு யன்னல் எதற்கு என்று கையால் கேட்டார். ஆமைக்கு அரபியும் எனக்குத் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. வேறு வழியில்லை. ஆட்டைக் கார்மேகத்திடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் இறங்கி, பெனியனுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றி மெல்ல மெல்ல ஊர்ந்து காட்டினேன். உள்ளே இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "மரீத்?" என்று அவர் கார்மேகத்திடம் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. வருத்தக்காரனா, நோயாளியா என்று கேட்கிறார்! கார்மேகத்துக்கு அது விளங்கவில்லை, ஆனால் சார் தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று அவரும் ஆட்டைக் கட்டிவிட்டு எனக்குப் பின்னால் ஊரத் தொடங்கினார். கழுத்தை நீட்டி ஒரு அலரி இலையைக் கடிக்கப்போகிற மாதிரிக் காட்டி, பிறகு நான் மல்லாந்து விழுந்து காலை உதைத்துச் செத்தும் காட்டினேன்.

சாலிம் அவர்கள் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் ஒரு கையின் மேல் மற்றக் கையைக் கவிழ்த்து, பெருவிரலை வெளியே நீட்டி ஆட்டினார். "ஐவா! ஐவா! ஐவா!" என்று எனக்குத் தெரிந்த அரபியில் ஆமாம் போட்டுத் துள்ளி எழும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் தலைத்துணி கழன்று தோளில் விழுந்தது. ஆடு அலரியைத் தின்னாமல் நான் இழுத்துவந்த கதையையும் அதே முறையில் நடித்துக் காட்டினேன், இந்த முறை கார்மேகம் ஆடாக இருந்தார். பெரியவர் என் முதுகில் தட்டிவிட்டு, "கலாஸ்" என்று, முடிந்தது என்பதாகச் சொல்லி, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மிஸ் மார்கிரட் வீடு பார்க்க வந்தார். எனக்கு விடியற்காலையிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. நான் கலியாணத்துக்குப் பெண் பார்க்கத் தங்கள் வீட்டுக்கு வந்த அன்றுகூட இப்படிப் பதறவில்லை என்று சொன்னால் தாங்கள் குறை நினைக்கக்கூடாது. மிஸ் கல்லைத் தட்டிப் பார்த்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், அலரி நின்ற இடத்தில் வேர் மிச்சம் இருக்கிறதா என்று கிளறினார். ஸ்கொட்லாந்துக்காரரின் புல்தரை நல்ல பச்சை என்று மட்டும் ஒருதரம் சொன்னார். பிறகு சட்டென்று நடுமுற்றத்தில் குப்புறப் படுத்துவிட்டார். ஆமையின் கண்ணுக்கு இந்த வளவு எப்படித் தெரியும் என்று பார்க்கத்தான் படுத்திருக்கிறார். கன்னத்தை மண்ணில் வைத்து அசையாமல் கிடந்தார். அந்த நேரம் பார்த்துப் பலகாரத் தட்டோடு பத்மாசனி வெளியே வந்தாள்.

"ஐயோ, மிஸ்ஸுக்கு வெயில் பட்டிட்டுது! பார்த்துக்கொண்டு நிக்கிறீங்களே!" என்றாள். நான் வாய் திறக்குமுன் பலகாரம் ஒரு பக்கம் போனது, ஆமைக்கென்று நிறைத்துவைத்த தண்ணீர்ச் சட்டி முழுவதும் மிஸ்ஸின் தலையில் கவிழ்ந்தது. அதோடு விடவில்லை. கீழே உட்கார்ந்து மிஸ்ஸின் தலையைத் தன் மடியில் எடுத்துவைத்து, முந்தானையால் விசுக்கிக்கொண்டு, "ஒண்டுமில்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை, இஞ்ச என்னைப் பார்" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, பெர்சி ஸ்கொட்லாந்துக்காரருக்குத்தான் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது மிஸ் மார்கிரட் மடியில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு எழும்பி உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னார், தமிழில் தருகிறேன்: "அந்த எஞ்சினியர் வீட்டிலும் இப்படித்தான் படுத்துப் பார்த்தேன். அவர் தன் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் ஒரு உயிர் தரையில் கிடந்தால் கவனிக்க ஆள் இருக்கிறது. பெர்சி இங்கேதான்." இதைச் சொல்லும்போதே சாலிம் அவர்கள் தன் தோட்டத்தில் அறுத்த பசும்புல் ஒரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படலையால் வந்தார். பெருவிரலை ஆட்டி, எங்கே விருந்தாளி என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். மிஸ் அவரோடு நல்ல அரபியில் பேச, சாலிம் அவர்கள் நான் செத்துக் காட்டியதை மிஸ்ஸுக்குச் செய்து காட்ட, அன்று எங்கள் முற்றத்தில் நடந்தது ஒரு திருவிழா.

போன வெள்ளிக்கிழமை போய்ப் பெர்சியைக் கூட்டிவந்தோம். மிஸ் அழுதார், நானும் அழுதேன். காரில் பின்சீட்டில் ஒரு பக்கம் பெட்டிக்குள் பெர்சி, மறுபக்கம் பத்மாசனி. ஆனந்தத்தில் அவள் காலிரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள். கார்மேகம் சொன்ன சட்டப்படி படலையைத் திறக்கவில்லை. அவர் மதிலுக்கு வெளியே நின்று பெர்சியைத் தூக்கித் தர, நான் உள்ளே கதிரையில் ஏறி நின்று வாங்கி இறக்கினேன். பெர்சி வெகுநேரம் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. பிறகு தலையை நீட்டி, நாலு பக்கமும் பார்த்து, யாரும் வழிகாட்டாமலே நேராகப் போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்துகொண்டது! நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நான் டியூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்க்கும்போது அது அந்த வீட்டுக்குள்தான் நிம்மதியாக இருக்கிறது. வெளியே வர மனமே இல்லை. எவ்வளவு பிடித்திருக்கிறது பாருங்கள்! பத்மாசனியின் முகத்திலும் தெளிவு வந்துவிட்டது. இப்போதெல்லாம் டெலிவிசனோடு கதைப்பதில்லை. அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்தேன் என்ற ஒரு நிறைவு எனக்குப் போதும்.

ஆகவே மாமா, கனகரத்தினம் அண்ணை எழுதியதை மறந்துவிடுங்கள். தங்களுக்கு வீட்டுக்குள், முன் அறையில், புதுக் கட்டிலும் மெத்தையும் போட்டு, ஏர்கண்டிசன் பூட்டித் தயாராக வைத்திருக்கிறோம். தங்கள் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அந்த அறைக்குள் தாங்கள் தவிர வேறொருவர் காலடி வைக்க நான் விடமாட்டேன்.

மாமிக்கு என் வணக்கம். மச்சாளின் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இந்த முறையாவது பதிலின் அடியில் தங்கள் ஆசீர்வாதத்தை மறக்காமல் எழுதி, எங்கள் மூவரையும் வாழ்த்தும்படி வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் மனம் கோணாத மருமகன்,
க. ஆனந்தராசா

பி.கு.: ஐயா, இது பத்மா எழுதுறன். கடிதத்தை ஒட்டித் தபாலில போடச் சொல்லித் தந்திட்டு இவர் டியூட்டிக்குப் போட்டார். ஒட்டமுதல் வாசிச்சன். எனக்கு ஆமையில ஆசை எண்டு இவர் நினைச்சிருக்கிறார் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அண்டைக்கு ஆசுப்பத்திரியில மிஸ் கதைச்ச இங்கிலீசில எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஊசி போட வாற ஆளிட்டச் சிரிச்சுக்கொண்டிருந்தால் நோகாமல் போடுவா எண்டுதான் சிரிச்சனான். இவர் வந்து ஆமை ஆமை எண்டு துள்ளினதைப் பார்த்து, பாவம், மனுசனுக்குச் சின்ன வயசில இருந்து ஆசை போல எண்டு நினைச்சு அலரியையும் வெட்ட விட்டன். எனக்கு அதைக் கண்டாலே கால் கூசும். காருக்குள்ள நான் பட்டபாடு முருகனுக்குத்தான் தெரியும்.

மற்றது, அது அந்த வீட்டுக்குள்ள ஒருநாளும் தானாப் போனதில்லை. முதல் நாள் போனதுகூட உள்ளுக்குத் தக்காளிப்பழத்தைப் போட்டு வச்சபடியால்தான். விடிய டியூட்டிக்குப் போற இவரின்ர கார் தெரு திரும்பினவுடனேயே அது குசினி வாசலுக்கு வந்து தலையால இடிக்குது. நான் மரக்கறி வெட்டேக்க பக்கத்திலேயே கிடக்கும். நான் ஊர்க்கதை எல்லாம் சொல்லுவன், கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். மத்தியானம் வெக்கைக்கு உங்கட அறைக்குள்ள, உங்கட கட்டிலுக்குக் கீழதான் நித்திரை. கார்மேகத்திட்டச் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் வாறதெண்டால் முந்தியே எழுதுங்கோ, வேற இடம் பழக்கவேணும்.

இவரிட்ட இதொண்டும் எழுதிப்போடாதேங்கோ ஐயா. வந்தவுடனே செருப்பும் கழட்டாமல் ஓடிப்போய் அந்த யன்னலுக்குள்ளால எட்டிப் பார்த்து "இருக்கு!" எண்டு சிரிக்கிறதை நீங்கள் பார்க்கவேணும். அதுக்காகத்தான் பின்னேரத்தில கார்ச் சத்தம் கேட்டவுடனே அதைக் கொண்டுபோய் அங்க வைக்கிறனான். கையால தூக்க எனக்கு இன்னும் பயம். தேத்தண்ணித் தட்டத்தை முன்னால வைச்சு, ஒரு கீரைத் தண்டைக் காட்டி ஏத்திறனான். நேற்று நான் கீரை எடுக்கப் போகவும் இல்லை, கார் ஹோன் அடிச்ச சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கிறன், அது தானாப் போய்த் தட்டத்தில ஏறி இருந்து என்னைப் பார்க்குது.